மண்டையோட்டுக் கார்

டெலிபோன் அடித்தது.

ஸ்டிக்கர் அக்கா எடுக்கவில்லை. கடை வாசலில் நின்ற ஒரு காரின் பின்கண்ணாடியில் 'மாமனார் வாங்கித் தந்தது அல்ல' என்ற வரியைக் குமிழ் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள். 'அல்ல' மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது கார்க்காரரின் கண்டிப்பான உத்தரவு.

மறுபடியும் அடித்தது.

மூன்றாவது முறை அடித்தபோது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா..." தம்பியின் குரல். "நான் கொலை பண்ணலக்கா."

'அல்ல' கோணலாக ஒட்டிக்கொண்டது.

* * *

"உக்காருங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் உட்காரவில்லை. உள்ளே பெஞ்சில் தம்பி இருந்தான். முப்பது வயது. கணக்கு டியூஷன் வாத்தியார். எறும்பு குறுக்கே போனால் அது போய்ச் சேரும்வரை நின்று வழிவிடுகிற ஜாதி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"அவன் என்ன சார் பண்ணினான்?"

"அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல கொலை. காலைல பத்தே காலுக்கு. அந்த அபார்ட்மென்ட் செக்ரெட்டரியை எவனோ ரிவர்ஸ்ல வந்து தூணோட வச்சு நசுக்கியிருக்கான். தெரியாம எடுத்த ரிவர்ஸ் இல்ல... ஆள் நிக்கறது தெரிஞ்சே எடுத்த ரிவர்ஸ்."

"அதுக்கும் என் தம்பிக்கும் என்ன சம்பந்தம்?"

"பத்து மணிக்கு ஒரு பொண்ணுக்குக் கணக்கு சொல்லித் தரேன்னு உள்ள வந்திருக்கான். வீடு பூட்டியிருந்ததாம், மாடியில வாசல்லயே நின்னானாம், பார்த்தவங்க யாரும் இல்ல. நேத்து சைலன்சர் சத்தத்துக்காக செக்ரெட்டரி இவனைப் பிடிச்சுத் திட்டியிருக்கார். இவன் கார் பின்பக்கம் நசுங்கியிருக்கு. எல்லாத்துக்கும் மேல..."

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கட்டைவிரல் அகலத்துக்குச் சுருண்டு கிடந்தது ஒரு சிவப்புத் துண்டு.

"இது செத்தவர் கைக்குள்ள இருந்தது. விழும்போது கார்லேர்ந்து பிச்சிருக்கார். ஸ்டிக்கர். உங்க தம்பி கார்ல பின்னாடி முழுக்கச் சிவப்பா நெருப்பு எரியுதே... அதுல ஒரு கொழுந்து பாதி இல்ல."

அவள் கிட்டே போய் உறையைக் குனிந்து பார்த்தாள்.

"நான் இருபது வருஷமா இந்த வேலைல இருக்கேன்," என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒரு காரோட பின்பக்கத்தைப் பார்த்தா ஓட்டறவன் புத்தியைச் சொல்லிடுவேன். 'குழந்தை உள்ளே'ன்னு ஒட்டினவன் பொறுப்பானவன். 'டாக்டர்'னு ஒட்டினவங்க படிச்சவங்க. ஒண்ணுமே ஒட்டாதவன் உத்தமன். மண்டையோடு ஒட்டி, நெருப்பு ஒட்டி, 'எமன் லீவில் இருக்கிறான், நான் இருக்கிறேன்'னு எழுதிவச்சவன்... நீங்களே சொல்லுங்க."

அவள் என்னத்தைச் சொல்வாள்? அந்த மண்டையோட்டை ஒட்டியதே அவள்தான்.

தம்பி பழைய கார் ஒன்று வாங்கி முதல் மாதம் ஓட்டியபோது ஊரே அவனை மிதித்தது. முப்பதுக்கு மேல் போக மாட்டான். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரனை அமுக்கி, கண்ணாடியை இறக்கி, அவன் பிறந்த நேரத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனான். தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டையோடு ஒட்டினாள். எமன் வசனம் வெட்டினாள். பின்பம்பரில் அவன் எங்கோ சுவரில் தேய்த்த நசுங்கலை மறைக்க நெருப்பு ஒட்டினாள். சைலன்சரில் ஓட்டை விழுந்தபோதுகூட, "விடுடா, இப்ப அதுதான் ஃபேஷன்" என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து ஒருத்தன் ஹாரன் அடிக்கவில்லை. லாரிகூட ஒதுங்கிப் போனது.

இப்போது அதே மண்டையோடு அவனை உள்ளே தள்ளப் பார்க்கிறது.

அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. 'இருபது வருஷமா பின்பக்கத்தையே பார்த்தா முன்பக்கம் இருக்கறவன் எப்படித் தெரிவான்' என்று கேட்க வாயைத் திறந்தாள்.

"பார்த்துப் பேசுங்கம்மா," என்று இன்ஸ்பெக்டர் சுவரைக் காட்டினார். 'நீங்கள் கேமரா கண்காணிப்பில் இருக்கிறீர்கள்.' நீல ஸ்டிக்கர். ஓரம் உதிர்ந்திருந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

"நாலு மணிக்குக் கோர்ட்ல ஆஜர்படுத்தணும். அந்த பேஸ்மென்ட்லயும் கேமரா இருக்கு. பெரிசா போர்டே ஒட்டியிருக்காங்க. பதிவு செக்ரெட்டரி ரூம்ல பூட்டியிருக்கு, மெக்கானிக் வந்து எடுத்துத் தருவார். அதுல தம்பி முகம் தெரிஞ்சா கதை முடிஞ்சது."

அவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளி விழுந்தது. 

"சார், அந்தச் சிவப்புத் துண்டு என் கடைச் சரக்கான்னு நான் பார்த்துச் சொல்றேன். காருக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் சொல்ல முடியும். எழுதியே தரேன்."

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. குற்றவாளியின் அக்காவே சாட்சி சொன்னால் கசக்குமா?

"வண்டியை எடுய்யா," என்று டிரைவரைக் கூப்பிட்டார்.

* * *

பேஸ்மென்ட்.

தூணுக்குக் கீழே சாக்பீஸ் கோட்டில் ஒரு குட்டையான மனித வடிவம். தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, அதே தூணில், 'எச்சரிக்கை! இந்த இடம் 24 மணி நேரமும் கேமரா கண்காணிப்பில் உள்ளது.'

அவள் வெட்டிய ஸ்டிக்கர்தான். செக்ரெட்டரியே கடைக்கு வந்து வாங்கிப் போனார்.

குடியிருப்பவர்கள் லிஃப்ட் வாசலில் கும்பலாக நின்றார்கள். போலீஸ் யாரையும் வெளியே விடவில்லை.

இன்ஸ்பெக்டர் உறையிலிருந்து சிவப்புத் துண்டை இடுக்கியால் எடுத்தார். தம்பியின் கார் நெருப்புக்குப் பக்கத்தில் பிடித்தார். கான்ஸ்டபிள் டார்ச் அடித்தார்.

துண்டு பளிச்சென்று மின்னியது. நெருப்பு மின்னவில்லை. செத்த மாதிரி கிடந்தது.

"சார், என் தம்பி கார்ல ஒட்டினது சாதா சரக்கு. கடையில மிச்சம் கிடந்தது, பத்தாம ஒரு கொழுந்து பாதியிலயே நின்னுபோச்சு. இது வெளிச்சம் பட்டா மின்னற ஒசத்தி சரக்கு. ரோடு போர்டுக்குப் போடறது."

"சிவப்பு சிவப்புதானே?"

"தங்கமும் மஞ்சள்தான், மாங்காயும் பழுத்தா மஞ்சள்தான். ரெண்டையும் ஒண்ணா கழுத்துல போட்டுக்குவீங்களா?"

கான்ஸ்டபிள் இருமினார். இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"அப்ப கேமரா சொல்லட்டும். மெக்கானிக் கிளம்பிட்டார்," என்று கும்பலைப் பார்த்து உரக்கச் சொன்னார். "இன்னும் பத்து நிமிஷத்துல, போன ஒரு மாசமா இந்த பேஸ்மென்ட்ல நடந்தது மொத்தமும் வெளில வந்துடும்."

அவ்வளவுதான்... கும்பலில் சலசலப்பு.

'டாக்டர்' ஸ்டிக்கர் காரின் சொந்தக்காரி முன்னால் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"சார், ஒரு நிமிஷம்... போன வாரம் பக்கத்துக் கார் கண்ணாடியை உடைச்சது நான்தான். அப்புறம்... நான் டாக்டர் இல்ல. ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுக்கறேன். ஸ்டிக்கர் இருந்தா எங்க நிறுத்தினாலும் யாரும் கேக்கறதில்ல."

'குழந்தை உள்ளே' கார்க்காரர் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நான் தினமும் இன்னொருத்தர் பிளக்ல கார் சார்ஜ் போட்டுக்கறேன் சார். தப்புதான்."

"குழந்தையை வச்சுக்கிட்டு இதெல்லாம் பண்ணலாமா?"

"குழந்தை இல்ல சார். கல்யாணமே ஆகல."

இன்ஸ்பெக்டரின் இருபது வருஷ சாஸ்திரம் கண்ணெதிரே உரிந்து விழுந்தது. அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் எண்ணெய் கொட்டியதை ஒப்புக்கொண்டார். ஒருவர் மனைவியைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ ஒப்புக்கொள்ள, பளாரென்று ஒரு சத்தம் கேட்டது.

ஸ்டிக்கர் அக்கா யாரையும் கேட்கவில்லை. முகங்களை மட்டும் பார்த்தாள்.

ஒரே ஒருவர் மட்டும் நடுங்கவில்லை.

உயரமாக, ஒல்லியாக, வெள்ளைப் பைஜாமாவில் சுவரில் சாய்ந்து நின்றார். கண்கள் பாதி மூடியிருந்தன. அந்த அபார்ட்மென்ட்டில் அறுபது குடும்பங்களுக்கு மொட்டை மாடியில் மூச்சுப் பயிற்சி கற்றுத் தருகிற யோகா மாஸ்டர்.

"அவர் எதுக்கும் பதறமாட்டார்," என்று பெருமையோடு சொன்னாள் டோக்கன்காரி. "தங்கமான மனுஷர். அவர் கார்ல ஒரு ஸ்டிக்கர்கூடக் கிடையாது."

"பார்த்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். "உத்தமன்."

அக்கா அவரை ஓரமாக அழைத்துப் போனாள்.

"சார், இங்க கேமரா கிடையாது."

"என்னது?"

"கேமராவுக்குச் செலவு பண்ண மனசில்லாம செக்ரெட்டரி ஸ்டிக்கர் மட்டும் வாங்கிட்டுப் போனார். கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்தார். காலையிலிருந்து யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டிக்கர்தான் இருக்கிறதே!

"கேமரா இருக்குன்னு நம்பறவங்க எல்லாரும் நடுங்கறாங்க சார். இல்லைன்னு தெரிஞ்சவர் மட்டும் நிம்மதியா நிக்கறார். செக்ரெட்டரி குள்ளம். அவர் கைக்கு எட்டாத உயரத்துல இது ஒட்டியிருக்கு. வாங்கும்போது, 'ஒட்டறதுக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி வச்சிருக்கேன்'னு சொன்னார்."

இருவரும் ஒரே சமயத்தில் பைஜாமாவைப் பார்த்தார்கள்.

"அந்த ஆள் கார்ல ஸ்டிக்கரே இல்லையேம்மா..."

"இப்ப இல்ல."

அவள் டோக்கன்காரியிடம் போனாள். "பவுடர் இருக்காம்மா கைப்பைல?"

யோகா மாஸ்டரின் வெள்ளைக் கார் தூணுக்கு எதிரே நின்றது. கழுவித் துடைத்து, பளபளவென்று. அக்கா பின்பம்பருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். உள்ளங்கையில் பவுடரைக் கொட்டி ஊதினாள்.

"அது எதுக்கு?" முதல் முறையாக மாஸ்டரின் கண்கள் முழுசாகத் திறந்தன.

"ஸ்டிக்கரை உரிச்சுடலாம் சார். பசையை உரிக்கறது அவ்வளவு சுலபம் இல்ல. தண்ணில போகாது. பார்த்தா தெரியாது. ஆனா பவுடரை விடாது. எங்க தொழில்ல தினமும் இதோடதான் மாரடிக்கிறோம்."

பவுடர் அடங்கியது.

பம்பரில் வெள்ளையாக, ஒவ்வொன்றாக, எழுத்துகள் எழுந்து வந்தன.

'பொறுமை காப்போம்... உயிர் காப்போம்.'

அதற்குக் கீழே சின்னதாக, 'காவல்துறை.'

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். போன மாதம் சாலைப் பாதுகாப்பு வாரத்தில் சிக்னலில் நின்று அவரே கைப்பட ஒட்டிவிட்ட, மின்னுகிற சிவப்பு எழுத்து ஸ்டிக்கர்.

"இடுக்கியைக் கொடுங்க," என்றாள் அக்கா. துண்டை எடுத்துக் கடைசி எழுத்தின் மேல் காட்டினாள். வளைவுக்கு வளைவு பொருந்தியது. பக்கத்திலேயே பெயிண்டில் நகம் கீறிய மூன்று கோடுகள்.

"இவர் கார்ல இப்படி ஒண்ணு இருந்ததா? யாராவது பார்த்தீங்களா?" இன்ஸ்பெக்டர் கும்பலைக் கேட்டார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டையோடு என்றால் அறுபது வீட்டுக்கும் ஞாபகம் இருக்கும். அறிவுரையை எவன் படித்தான்?

மாஸ்டர் ஒரு மூச்சை ஆழமாக இழுத்தார். நிறுத்தினார். விட்டார்.

"லிஃப்ட் பக்கத்து பார்க்கிங்குக்கு மூணு வருஷம் காத்திருந்தேன்," என்றார். "அந்த கேமரா ஸ்டிக்கரை நான் ஒட்டிக்கொடுத்தா அந்த இடம் எனக்குன்னு செக்ரெட்டரி சொன்னான். ஏணி இல்லாம, கழுத்து சுளுக்க ஒட்டினேன். இன்னிக்குக் காலைல அந்த இடத்தைத் தன் மச்சானுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்னு என் கார் பின்னாடி நின்னுகிட்டுச் சிரிச்சான். பத்து எண்ணினேன் சார். மூச்சை இழுத்து விட்டேன்..."

"அப்புறம்?"

"ரிவர்ஸ் போட்டேன்."

* * *

மாலை நான்கரை.

தம்பி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தான். அக்காவைப் பார்த்ததும் மறுபடி அழுதான். அவளும் அழுதாள். நடுரோடு என்று பார்க்காமல் அவன் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"என்னாலதான்டா இவ்வளவும். வீட்டுக்குப் போனதும் அந்த மண்டையோட்டை உரிச்சு எறிஞ்சுடறேன்."

தம்பி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். கொஞ்சம் யோசித்தான்.

"வேண்டாம்க்கா. ஹாரன் அடிப்பாங்க. கொலை கேஸ்கூடத் தாங்கிடலாம் போலிருக்கு."

எமன் லீவில் இருக்க, கான்ஸ்டபிள் பேஸ்மென்ட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மண்டையோட்டுக் கார் மணிக்கு இருபத்தைந்தில் வீட்டுக்குப் புறப்பட்டது. பின்னால் ஒரு பஸ், இரண்டு லாரி, பதினான்கு கார்கள் வரிசையாக, மரியாதையாக வந்தன.

* * *

அடுத்த வாரம் கடையில் கூட்டம். அபார்ட்மென்ட்டின் புது செக்ரெட்டரி காலையிலேயே வந்து, இந்த முறை பெரிய எழுத்தில் ஒரு கேமரா ஸ்டிக்கர் வாங்கிப் போயிருந்தார். 'டாக்டர்' ஸ்டிக்கருக்கு மட்டும் ஏழு ஆர்டர்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும், மஃப்டியில் ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

இன்ஸ்பெக்டர்.

"என்ன சார்... உங்க காருக்கா?"

"இல்லம்மா." குரலைத் தாழ்த்தினார். "அந்த கேமரா ஸ்டிக்கர்... நீலத்துல ஒண்ணு வேணும். பழசு ஓரம் உதிர்ந்துபோச்சு."

அக்கா கத்திரியைக் கீழே வைத்தாள். அன்றைக்கு வாய் வரை வந்து, அந்தச் சுவரைப் பார்த்து முழுங்கிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"அப்ப ஸ்டேஷன்ல கேமரா..."

"ஸ்டிக்கர் இருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"உக்காருங்க சார்," என்று அவள் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "வெட்டித் தரேன். அதுவரைக்கும் உங்ககிட்ட மனசு விட்டு ஒரு பத்து நிமிஷம் பேசணும்."