தினமும் 11.10-க்குச் சாகும் ஸ்விட்ச்

போன் அலறியது!

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மசால் தோசையின் மையப்பகுதியை அப்போதுதான் நெருங்கியிருந்தான் கிளாட்வின். எடுத்தான். மறுமுனையில் கேசியா. மாங்கூழ் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்.



"அண்ணா... செத்துப்போச்சு!"

உருளைக்கிழங்கு தொண்டையில் நின்றது.

"யாரும்மா?"

"ஸ்விட்சுண்ணா! இருபத்தி நாலு போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச்! கரெக்டா பதினொன்னு பத்துக்கு! நேத்தும் இதே டைம்... முந்தாநேத்தும் இதே டைம்!"

"எத்தினி நாளா?"

"இன்னியோட ஏழு நாள்!"

"ஏழு நாளா பொணத்த வச்சினு இன்னிக்குத்தான் சொல்றியா?"

"ஆறு நிமிஷத்துல உயிர்த்தெழுந்துடுதுண்ணா!"

கிளாட்வின் தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். அவன் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தியாகம் அதுதான்.

துப்பறியும் நிபுணர் என்றால் கறுப்புக் கண்ணாடி இருக்கும், கைத்துப்பாக்கி இருக்கும். கிளாட்வினிடம் ஒரு டெஸ்டர் இருந்தது. கிக் அடித்தால் மூன்றாவது தடவை ஸ்டார்ட் ஆகும் ஒரு பைக் இருந்தது. நெட்வொர்க் கேபிள் இழுப்பது அவன் தொழில். கதாநாயகன் கிடைக்காத ஊரில் இவன்தான் கதாநாயகன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

ஃபேக்டரி முழுக்க மாம்பழ வாசனை.

சர்வர் ரூம் என்று பெயர். உண்மையில் பழைய ஸ்டோர் ரூம். சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் ஸ்விட்ச். கீழே, பவர் போனால் தாங்கிப் பிடிக்க வேண்டிய குட்டி யுபிஎஸ். அதன் மேல் ஒரு பல்லி நிம்மதியாகக் குடியிருந்தது.

வாசலில் செக்யூரிட்டி தங்கவேலு. கையில் சாவிக்கொத்து. முகத்தில் ஏழு நாள் தாடி.

"சாவி ஒண்ணுதானா?" கிளாட்வின் கேட்டான்.

"ஒண்ணுதான் சார். எங்கிட்டதான் கீது. அதாலதான் எம்மேல சந்தேகம்!"

"என்ன சந்தேகம்?"

கேசியா முந்திக்கொண்டாள். "அண்ணா, பதினாறு கேமராவுக்கும் தனி கரண்ட் கெடையாது. இந்த ஸ்விட்சுதான் கேபிள் வழியா கரண்ட் குடுக்குது. இது செத்தா பதினாறு கண்ணும் ஒரே நேரத்துல மூடிக்கும். அந்த ஆறு நிமிஷத்துல... பழம் பழுக்க வைக்கிற ரூம்ல தினம் ரெண்டு பேனிஷா மாம்பழம் காணாம போகுது!"

"டன் கணக்குல பழம் வர்ற எடத்துல ரெண்டு பழமா?"

"வெளிநாட்டுப் பார்ட்டிக்கு சாம்பிள் காட்டப் பொறுக்கி வச்ச பழம்ணா! ஆன்ட்டி திருப்பதி ஆபீஸ்ல இருந்து கேமராவுல எண்ணினே இருக்காங்க!"

ஆன்ட்டி என்றால் தபீதாள். முதலாளியம்மா. ஃபேக்டரி சித்தூரில், ஆபீஸ் திருப்பதியில், கண் இரண்டிலும்.

கிளாட்வின் காதைத் தீட்டினான். வெளியே மோட்டார் ஓடியது. மேலே ஃபேன் சுற்றியது.

"பதினொன்னு பத்துக்கும் ஃபேக்டரியில கரண்ட் இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா. இந்த ரூம் லைன் மட்டும்தான் போவுது."

சுவரோரம் ஒரு பிரேக்கர். கீழே தட்டினால் இந்த அறை மட்டும் இருளும். அதைச் சுற்றி இருந்த ஒட்டடை... விரல் அகலத்துக்குக் கலைந்திருந்தது!

"இது தானா சாகல. கொலை!"

தங்கவேலு சுவரில் சாய்ந்துகொண்டான்.

"சார்... பன்னெண்டு வருசமா இந்த கேட்ல நிக்கிறேன். நாளைக்கி திருப்பதிக்கி வந்து கணக்கு முடிச்சிக்கோன்னு அம்மா சொல்லிட்டாங்க. எம்பேர காப்பாத்து சார்!"

"நீ எடுத்தியா?"

"நான் எடுக்கல சார்."

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

தங்கவேலு பல்லியைப் பார்த்தான். பல்லி தங்கவேலுவைப் பார்த்தது. 

*

மதியம். முதலாளி ஸ்டான்லியின் அறை.

கிளாட்வினும் அவரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் ஜெபிக்க எழுந்தால், வீட்டில் அடுப்பில் குழம்பு வைத்துவிட்டு வந்த பெண்கள் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மற்றபடி தங்கமான மனிதர்.

"வாப்பா கிளாட்வின். டீ சொல்லவா? எனக்குச் சர்க்கரை போடாம..."

"அங்கிள், அந்த யுபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு. நாலு வருசமாவுது. கரண்ட் போன அதே செகண்ட் ஸ்விட்சும் போவுது. புதுசு போடணும்."

"போட்டுடலாம். சின்னதா ஒண்ணு வாங்கிடு."

"சின்னது ஆவாது அங்கிள். ஸ்விட்சுக்குன்னா அது மட்டும் துன்ற கரண்டப் பாக்கக்கூடாது. அது ஊட்டுற பதினாறு கேமராவையும் சேத்துக்கணும். ரெக்கார்டர், இன்டர்நெட் மோடம் எல்லாம் சேத்து எறநூறு வாட்."

"அறுநூறு VA-ன்னு பெட்டியில போட்டிருக்குதே... தாராளமா போதுமே!"

"VA-ங்கிறது கல்யாணப் பத்திரிகையில போடற படிப்பு மாதிரி அங்கிள். வேலைக்காவறது வாட்தான். அதுவும் அந்தக் குட்டி பேட்டரியில பத்து நிமிஷம் ஓடினா பெருசு. ஒரு கிலோ VA, வெளிய பெரிய பேட்டரி வச்சி, ஒரு மணி நேரம் ஓடற மாதிரி போட்டுடலாம்."

ஸ்டான்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்!

"ஒரு மணி நேரமா...! எதுக்குப்பா அவ்ளோ? ஒரு நிமிஷம் ஓடினா போதாதா?"

"ஒரு நிமிஷம் ஓடறதுக்குப் பேரு யுபிஎஸ் இல்ல அங்கிள். பெருமூச்சு."

"இருக்கட்டும்பா. ரொம்பச் சின்னதாவே பாரு. கடையில இருக்கறதுலயே சின்னது. மோடத்த வேற ஏன் அதுல மாட்டற? பாவம், அதாவது கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்!"

உலகத்தில் முதல் தடவையாக ஒரு மோடத்துக்காக ஒருவர் இரக்கப்பட்டார். கிளாட்வின் அதைச் சிக்கனம் என்று நினைத்தான்.

நீங்கள் என்ன நினைத்தீர்களோ... அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

*

கேசியாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் போன். தபீதாள்!

"தம்பி, அவரு சின்னது சொன்னாராமே? கேசியா சொன்னா."

"ஆமா ஆன்ட்டி..."

"பெருசு வாங்கு! யாருக்கும் சொல்லாத. அவருக்கும் சொல்லாத. அவரு வாயில ஒரு விசயம் போனா, கேட்டுக்கு வெளிய டீக்கடைக்காரன் வரைக்கும் போயிடும்!"

"அப்ப திருடன் சிக்கிடுவான் ஆன்ட்டி!"

"நாளைக்கி பதினொரு மணிக்கி தங்கவேலுவ இங்க என் எதிர்ல உக்கார வைக்கிறேன். பதினொன்னு பத்துக்கு அங்க ஒண்ணும் நடக்கலன்னா அவன்தான் திருடன். அப்படியே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"நடந்துதுன்னா?"

"நடந்தா... அவன் காலு கையில விழுந்து நானே மன்னிப்பு கேக்கறேன்!"

கிளாட்வின் ஊருக்குள்ளேயே ஒரு கடையில் பெரிய யுபிஎஸ்ஸை வாங்கினான். சாயந்திரம் ஃபேக்டரி ஆட்கள் போனதும், கேபிள் பார்க்க வேண்டும் என்று தங்கவேலுவிடம் சாவி வாங்கி, கேசியா டார்ச் பிடிக்க, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து மாட்டினான். ஸ்விட்ச், ரெக்கார்டர், மோடம் மூன்றும் அதில்.

"பழைய யுபிஎஸ்ஸ தூக்கிடவாண்ணா?"

"வேணாம். அப்படியே எரியட்டும். பிரேக்கரத் தட்டினா அது லைட்டு அணையும். திருடன் எல்லாம் செத்துப்போச்சுன்னு நம்புவான்!"

"புதுசு கரண்ட் போனா பீப் பீப்னு கத்துமே?"

கிளாட்வின் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தான்.

"வாய மூடியாச்சு!"

பல்லிக்கு மட்டும் வீடு மாறவில்லை.

*

மறுநாள். திருப்பதி ஆபீஸ். மணி 11.02.

சுவரில் பெரிய திரை. பதினாறு கட்டங்கள். தபீதாள் நாற்காலியில். பக்கத்தில் கிளாட்வின். எதிரே ஸ்டூலின் நுனியில் தங்கவேலு.

"சாவி எங்க தங்கவேலு?" தபீதாள் கேட்டாள்.

"வரும்போது அய்யாகிட்ட குடுத்துட்டு வந்தேம்மா."

11.08.

"காலையில டிபன் துன்னியா?"

"எறங்கலம்மா..."

11.09.

தபீதாளின் விரல் மேஜையில் தாளம் போட்டது. தங்கவேலு கண்ணை மூடி ஏழுமலையானைக் கூப்பிட்டான். மலை பக்கத்திலேயே இருந்தது; கேட்டிருக்கும்.

11.10!

திரையின் மூலையில் ஒரு வரி சிவப்பாகத் துடித்தது. 'பவர் இல்லை. பேட்டரியில் ஓடுகிறது.'

"தட்டிட்டான்!" கிளாட்வின் குதித்தான். "ஆன்ட்டி... சித்தூர்ல எவனோ பிரேக்கரத் தட்டிட்டான்! ஆனா கேமரா சாகல பாருங்க!"

பதினாறு கட்டங்களும் பளிச்சென்று உயிரோடு இருந்தன!

பழ அறையின் கதவு மெதுவாகத் திறந்தது... ஓர் உருவம் நுழைந்தது. வெள்ளைக் கோட்டு. வெள்ளைத் தொப்பி. முகமூடி. அந்த அறைக்குள் போகும் யாரும் அணிய வேண்டியது. அடையாளமே தெரியவில்லை!

உருவம் பழத்தட்டைக் குனிந்து முகர்ந்தது. ஒரு பழத்தை எடுத்தது. இன்னொன்றை எடுத்து... கோட்டுப் பையில் போட்டது.

"திருட்டுப் பய! பையில வேற போடறான்!" தபீதாள் எழுந்தேவிட்டாள். "யாருடா நீ... மூஞ்சியக் காட்டுடா!"

உருவம் கத்தியால் பழத்தை அறுத்தது. முகமூடியைக் கீழே இறக்கியது. ஆனால் கேமராவுக்கு முதுகு!

கடிக்கப்போகிறான் என்று மூவரும் மூச்சைப் பிடித்தார்கள்.

கடிக்கவில்லை.

உருவம் கத்தியை வைத்தது. கைகளைக் கூப்பியது. தலையைக் கவிழ்த்தது.

தபீதாளின் வாய் திறந்தபடியே நின்றது.

"சாப்பாட்டு ஜெபம் பண்றான்..." கிளாட்வின் முணுமுணுத்தான். "திருடின பழத்துக்கு ஸ்தோத்திரம் பண்ணிட்டு துன்ற திருடன இப்பதான் பாக்கறேன்..."

பத்து விநாடி. இருபது. நாற்பது. ஒரு நிமிஷம்!

"முப்பது வருசம்..." தபீதாள் பல்லைக் கடித்தாள். "முப்பது வருசமா சோறு ஆறிப்போற ஜெபம்! தம்பி, அந்தக் கேமராவுல சவுண்டு வருமா?"

"வரும் ஆன்ட்டி."

"வை!"

வைத்தான். ஸ்டான்லியின் குரல் அறையை நிறைத்தது.

"...அன்பின் பரம பிதாவே, இந்த வேளைக்காக உம்மைத் துதிக்கிறேன். சோதனையிலிருந்து விலக்கிக் காரும்னு அடியேன் கேக்கறேன்... நீரோ ரெண்டு லாரி பேனிஷா அனுப்புகிறீர். நான் மனுசன்தானே ஆண்டவரே! தபீதா என் சுகருக்குப் பயந்து பழத்த கண்ணுலயே காட்டறதில்ல. அவ அன்பு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாம பாத்துக்கொள்ளும். தங்கவேலுவ நினைச்சா நெஞ்சு அடைக்குது. என்னைக் காட்டிக் குடுக்காம வேலையவே விடத் துணிஞ்சிட்டான். இன்னிக்கு இதுதான் கடைசிப் பழம்... சாயந்திரம் நானே தபீதாகிட்ட உண்மையச் சொல்லிடறேன். அதுக்குத் தைரியம் தாரும். அவன் பங்கையும் மறக்காம பையில எடுத்து வச்சிருக்கேன்..."

தபீதாள் மெல்லத் திரும்பினாள்.

தங்கவேலு மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"பங்கா...?"

"அம்மா... அது வந்து... தொறந்து உடறதுக்கு அய்யா டெய்லி ஒண்ணு குடுப்பாரும்மா. நான் எடுக்கல. குடுத்தாரு. துன்னேன்."

"வேலை போவும்னு தெரிஞ்சும் ஏன்யா வாயத் தொறக்கல?"

"மொத நாளு கதவண்ட நின்னு, ஒரே ஒரு பழம்டா தங்கவேலுன்னு கொழந்த மாதிரி கேட்டாரும்மா. பன்னெண்டு வருசத்துல அய்யா எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். எப்பிடிம்மா காட்டிக் குடுக்கறது?"

தபீதாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் தூசி ஒன்றும் இல்லை.

"நீ எங்கயும் போக வேணாம். கேட்டுக்குப் போ. ஆனா தினம் பதினொன்னு பத்துக்கு அவரக் கூட்டினு ஃபேக்டரிய மூணு சுத்து நடக்கணும். ரெண்டு பேருக்கும் அதான் தண்டனை."

"காலு கையில விழறேன்னு..." கிளாட்வின் இழுத்தான்.

"அதெல்லாம் ஏழு பழம் துன்னாதவனுக்கு!"

போனை எடுத்து அழுத்தினாள். திரையில் கோட்டுப் பைக்குள் மணி அடித்தது. ஸ்டான்லி தலையைத் தூக்காமலேயே எடுத்தார்.

"சொல்லு தபீதா... ஜெபத்துல இருக்கேம்மா."

"தெரியுது. ஆமென் சொல்லிட்டு, அந்தப் பழத்த கீழ வைங்க. பாக்கெட்ல இருக்கறதையும்."

ஸ்டான்லி மெதுவாக, மிக மெதுவாக, தலையைத் தூக்கித் திரும்பினார். கேமராவின் சிவப்பு விளக்கு அவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

பழம் தட்டுக்குப் போனது. மறுநொடி... முழங்காலில் நின்றார். கைகள் மறுபடியும் குவிந்தன. கண்கள் மூடின.

தபீதாள் பெருமூச்சு விட்டாள்.

"தம்பி, நீ போட்ட யுபிஎஸ் எவ்ளோ நேரம் தாங்கும்?"

"ஒரு மணி நேரம் ஆன்ட்டி!" கிளாட்வின் நெஞ்சை நிமிர்த்தினான்.

"பத்தாது. இன்னொரு பேட்டரி வாங்கினு வா... மனுசன் இப்பதான் மன்னிப்பு ஜெபம் ஆரம்பிச்சிருக்காரு!"