குப்பை என்று சொன்ன பம்ப்

வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். பள்ளிக்கூடத்திலும் அதே பெயர்தான். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. போன மாதம் வரைக்கும், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காரணம், அப்பாவின் கார்.

அப்பா பேக்கரி வண்டி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டுக்குள் புகுந்துவிடுவார். அங்கே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இரண்டே சீட், கூரை கிடையாது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததாம். ஆறு வருஷமாக அப்பா அதை ஓட வைக்கப் பாடாய்ப் படுகிறார்.

"இந்த வீட்டுல மூத்த பிள்ளை அந்தக் கார்தான். நீ ரெண்டாவதுதான்" என்று அம்மா என்னிடம் சொல்வாள்.

எல்லாம் சரியாகி, கடைசியில் ஒரே ஒரு சாமான் பாக்கி நின்றது. பெட்ரோல் பம்ப். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்கு அனுப்பும் சாமான். ஒரு கையில் அடங்கிவிடும். ஆனால் அது இல்லாவிட்டால் கார் ஓர் அடி நகராது.

"இந்த மாடலை நிறுத்தி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு சார்" என்றார் மெக்கானிக் அண்ணன். "புதுசு வேணும்னா வெளிநாட்டுல இருந்து வரணும். அந்தக் காசுக்கு நீங்க வேற காரே வாங்கிடலாம்."

இதில் வீட்டுக்காரர் வேறு. மாதக் கடைசிக்குள் ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஓடுகிற கார் என்றால் தெருவில் நிறுத்திக்கொள்ளலாம். ஓடாத காரை நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"ஓடலேன்னா எடைக்குப் போட்டுடலாம்" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அதனால் சனிக்கிழமைதோறும் பழைய சாமான் கடைகளில் தேடினோம். அங்கே பேரம் பேசுவது என் வேலை. அப்பாவுக்கு அது சுத்தமாக வராது. தேடிய சாமானைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிடும். அதைப் பார்த்ததும் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார்.

நான் அப்படியில்லை. மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொள்வேன். சாமானைக் கையில் எடுத்ததும், "ஐயய்யே, துரு! இங்க பாருங்க, விரிசல். இது குப்பைக்குத்தான்பா போகணும்" என்பேன். கடைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. "இது தங்கம்மா, தங்கம்!" என்பார்கள். இரண்டு பேரும் புளுகுகிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அந்தக் கடைகளில் அப்படித்தான் பேசுவார்கள். பெட்ரோல் குழாய், டேங்க் மூடி எல்லாம் நான் அடிமாட்டு விலைக்கு வாங்கியவை.

பம்ப் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மெக்கானிக் அண்ணன் ஓடி வந்தார். "சலவைக்கடைக்குப் பின்னால ஒரு வீட்டுல இதே மாடல் நிக்குதாம். போய்க் கேளுங்க!"

போனோம். களைத்த முகத்தோடு ஓர் ஆன்ட்டி கதவைத் திறந்தார். கொல்லைப்புறத்தில், தார்ப்பாய்க்குக் கீழே, அதே கார். சக்கரங்கள் இல்லை. செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள்.

"எஞ்சின் இறுகிப் போச்சு. இனிமே ஓடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார் ஆன்ட்டி. "பம்ப் வேணும்னா கழட்டிக்கங்க." அவர் சொன்ன விலை நியாயமான விலைதான்.

அப்பாவின் முகம் மலரப் போவது தெரிந்தது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இதுக்கா இவ்வளவு? சரியான குப்பை ஆன்ட்டி இது! இதை வச்சிருந்தவருக்குக் கார்னா என்னன்னே தெரியாது போல. ஒரு நாளாவது கவனிச்சிருப்பாரா?"

"ஏய், சும்மா இரு" என்று அப்பா என் தோளைத் தொட்டார்.

ஆன்ட்டி "இது தங்கம்" என்று சொல்லவில்லை. தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்தார். "பாதி கொடுங்க, போதும்" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினேன். பின்வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். என் வகுப்புதான். இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவள். எப்போதும் காதில் பென்சில் செருகியிருப்பதால் நாங்கள் அவளைப் பென்சில் என்று கூப்பிடுவோம். அவள் கையில் ஒரு துணி இருந்தது.

"அது எங்க அப்பா கார்" என்றாள். "அவர் இருந்தவரைக்கும் தினமும் துடைப்பாரு. இப்ப நான் துடைக்கிறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் காரைச் சரியாகப் பார்த்தேன். சீட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

அன்று சாயங்காலமே ஷெட்டுக்குள் எங்கள் காரின் எஞ்சின் உறுமியது. அம்மாகூடக் கைதட்டினாள். ஆறு வருஷமாக நான் காத்திருந்த சத்தம் அது. எனக்கு அழுகைதான் வந்தது.

மெக்கானிக் அண்ணன் வேறு, நேரம் தெரியாமல், "இவ்வளவு சுத்தமா வச்சிருந்த பழைய பம்பை நான் பார்த்ததே இல்ல சார். யாரோ ரசிச்சு வச்சிருந்திருக்காங்க" என்றார்.

திங்கட்கிழமை பென்சிலிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஊர் வாயெல்லாம் அடைக்கிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மூன்று நாள் இப்படியே போயிற்று.

"அப்பா, பம்பைத் திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

அப்பா காரைப் பார்த்தார். "அவங்க கேட்டா கொடுத்துடலாம். நானே கழட்டித் தர்றேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஸ்கேட்டிங் ஷூவுக்குச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஆன்ட்டி கதவைத் திறந்ததும் படபடவென்று ஆரம்பித்தேன்.

"ஆன்ட்டி, அது குப்பை இல்ல. துரு இல்ல, விரிசல் இல்ல. மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டு அசந்துட்டாரு. அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் புளுகு. இந்தாங்க, மீதிப் பாதி. பம்பே வேணும்னாலும் அப்பா திருப்பித் தர்றாராம்."

"பம்பை வச்சு நாங்க என்னம்மா பண்றது? காசும் வேண்டாம், போ."

"வாங்கிக்கணும் ஆன்ட்டி. அது நல்ல பம்ப்."

"சரி, இதுல பாதி கொடு."

"பாதியெல்லாம் முடியாது. முழுசா வாங்கினாதான் நான் போவேன்."

"என்ன பிள்ளை இது! விலையைக் குறைச்சா சண்டைக்கு வருது!" ஆன்ட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசை வாங்கிக்கொண்டார்.

கதவுக்குப் பின்னால் பென்சில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"உங்க அப்பாவைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். "தப்பு என்னோடதுதான்."

அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பச் செருகினாள். பிறகு, "பம்ப் மேல ஒரு மூடி இருக்கும். அதுக்குள்ள சின்னக் கம்பி வலை. அதைக் கழுவினீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"மாசம் ஒரு தடவை கழுவணும். இல்லேன்னா அடைச்சுக்கும். அப்பா அப்படித்தான் பண்ணுவாரு." கொஞ்சம் யோசித்தாள். "ஞாயித்துக்கிழமை வந்து காட்டுறேன்."

வந்தாள். வலையைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, ஊதி, திரும்ப மாட்டினாள். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அவருக்கு அப்படி ஒரு வலை இருப்பதே தெரியாது.

இரண்டே சீட் இருக்கிற கார். முதல் தடவை தெருவில் இறங்கும்போது பக்கத்து சீட் எனக்குத்தான் என்று அப்பா ஆறு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தார். நான் கதவைத் திறந்து பென்சிலைப் பார்த்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார்கள். அவள் இறங்கவில்லை.

"எங்க கார் சத்தம் மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்க கார் இனிமே ஓடவே ஓடாது, இல்ல?" என்று கேட்டாள்.

ஓடும் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது.

"ஓடாது" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் திரும்பி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ உங்க அப்பாவை இன்னொரு ரவுண்டு போகச் சொல்லு."