மூன்றாவது படத்தின் ஓரம்

கைபேசியில் தெரிந்த படத்தில் சாவித்திரி அம்மாளின் தலை இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பக்கவாதம் வந்து படுத்த நாளிலிருந்து மாமியாரின் முகம் மின்விசிறியைப் பார்த்தபடியே கிடப்பதைத்தான் பிரதீபா கண்டிருக்கிறாள். தலையணையில் ஒரு விரற்கடை திருப்ப வேண்டுமென்றாலும் அவள்தான் கன்னத்தில் கைவைத்துத் திருப்பிவிட வேண்டும். இப்போது அந்த முகம் தானாகத் திரும்பி, பக்கத்தில் அமர்ந்து பேசும் ஒருவருக்குக் காது கொடுப்பதுபோல் சற்றே உயர்ந்து, செயலுள்ள பாதி உதட்டால் சிரித்துக்கொண்டிருந்தது.

மன்னார்குடிக் கடைத்தெருவின் இரைச்சல் உள்ளே வராதபடி மூட்டைகள் கூரைவரை அடுக்கப்பட்ட அந்த உரக்கடையில், மூக்கை அரிக்கும் யூரியா நெடிக்கும் ஈரச் சாக்கின் மணத்துக்கும் நடுவே அமர்ந்து, பிரதீபா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, சிங்கப்பூர்க்காரர் படமா? இப்படி முறைக்கிற?” என்றார் கடை முதலாளி நல்லக்கண்ணு.

“அத்தையைப் பாக்குறேன் சார். வீட்ல கேமரா மாட்டியிருக்கோம்.”

“மாமியாரைக் கேமரா வச்சுப் பாக்குற மருமகளை இப்பத்தான் பாக்குறேன். வழக்கமா அவங்கல்ல உங்களுக்கு வைக்கணும்!”

அவள் மரியாதைக்குச் சிரித்தாள்.

சிங்கப்பூரிலிருந்த அவள் கணவன் ஜெகனின் ஏற்பாடு அது. கமலவல்லி என்ற பெண்மணி காலையிலும் பிற்பகலிலும் வந்து சாவித்திரி அம்மாளுக்குக் கஞ்சி ஊட்டித் துடைத்துவிட்டுப் போவாள். இடைப்பட்ட நேரத்தில் அவர் தனியாக இருந்தார். கேமரா விற்கும் அன்சார், மூன்று விதக் கேமராக்களைக் கொண்டுவந்து, கட்டிலுக்கு நேரெதிர்ச் சுவரில் ஒன்றையடுத்து ஒன்றாகப் பொருத்தியிருந்தான்.

“டப்பாவைப் பாத்து வாங்கிட்டு அப்புறம் என்னையத் திட்டுவீங்கக்கா. மூணையும் ஒரே எடத்துல மாட்டிவிடறேன், ஓட விட்டுப் பாருங்க. எது தோதுப்படுதோ அதை வச்சுக்கிட்டு மத்ததைக் குடுத்துடுங்க” என்றிருந்தான்.

முதல் கேமரா கட்டிலை மட்டும் காட்டியது. இரண்டாவது, கட்டிலோடு இருபுறத் தரையையும் சேர்த்துக் காட்டியது. மூன்றாவதுதான் அகன்ற பார்வை உடையது. அதில் ஏறக்குறைய அறை முழுவதும் அடங்கியது. இடது ஓரத்தில் கொல்லைப்புறக் கம்பிக் கதவு, வலது ஓரத்தில் கூடத்துக்குச் செல்லும் வாசல். ஓரங்களில் சுவர்கள் வில்லாக வளைந்து, அறை ஒரு குடத்தின் உட்புறம் போலத் தோன்றியது.

பிரதீபா இரண்டாவது படத்தைத் தொட்டாள். கட்டிலுக்கு இடப்பக்கம், கூடத்தில் கிடக்க வேண்டிய பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டிருந்தது. மூன்றாவதில் நாற்காலி, அதற்கப்பால் பூட்டிய கம்பிக் கதவு. ஆள் யாருமில்லை. கமலவல்லி உட்காருவதற்காக எடுத்துப் போட்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மாலையில் கேட்டபோது கமலவல்லி தாடையில் கைவைத்தாள். “நான் எதுக்குடி நாக்காலி போடப்போறேன்? எனக்கு உக்காந்து எந்திரிக்க முட்டி ஒத்துழைக்குதா? தரையில குந்துனாத்தான் எனக்குச் சோறே எறங்கும்.”

பிரதீபா நாற்காலியைத் தூக்கினாள். இருக்கையின் குழிவில் ஈரமிருந்தது. வாய்க்காலில் அப்போதுதான் வந்திருந்த புதுத்தண்ணீரின் சேற்று வாடையும், அதன் அடியில் மெலிதாக, முழங்கால் வலிக்கென்று அவளுடைய மாமனார் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடையும் அதில் கலந்திருந்தன.

மாமனார் அமிர்தலிங்கம் தை அறுவடையின்போது அதே அறையில் இறந்துபோயிருந்தார்.

அவர் இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அப்படி இறந்தவரை வாசல்வழியே எடுத்துச் செல்ல மாட்டார்கள். எடுத்தால் வந்த வழியைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்து வீட்டிலிருந்து துணைக்கு ஆளை அழைத்துப் போவார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஆகவே அறையின் பக்கச் சுவரை இடித்து அதன்வழியே தூக்கிச் சென்றார்கள். தோள் கொடுத்தவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் அந்த இடிப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். திரும்பி வருகிறவருக்கு வெறும் சுவர்தான் தெரிய வேண்டும்.

கொத்தனார் வீரையன் கலவையைக் குழைத்துவிட்டுத் தயாராகத்தான் இருந்தார். சாவுக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஜெகன்தான் தடுத்தான். “இடிச்சது இடிச்சாச்சு. ஒரு கம்பிக் கதவு போட்டுட்டா களத்துலேர்ந்து நேரா மூட்டையை எறக்கலாம், அம்மாவுக்கும் காத்து வரும்” என்றான். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. படித்த பிள்ளை, அதிலும் கொள்ளி வைத்த பிள்ளை சொல்வதை யாரும் மறுக்கவில்லை. பிரதீபாவும் மறுக்கவில்லை. அறையைச் சில மாதங்கள் பூட்டிவைப்பதும் வழக்கம்தான். ஆனால் சாவித்திரி அம்மாள் வேறு அறையில் படுக்க மறுத்து இரவெல்லாம் கத்தினார்.

மறுநாள் பிற்பகல், விலைப்பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அன்சாரிடமிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, மூணும் சரியா ஓடுதான்னு என் போன்ல பாத்தேன். ஒண்ணும் தப்பா நெனைச்சுக்காதீங்க. மூணாவது லென்ஸ் ஓரத்துல கொஞ்சம் இழுத்துக் காட்டும். அது கோளாறு இல்ல. அகலமா எடுக்குற எல்லாமே அப்படித்தான்.”

“எதை இழுத்துக் காட்டுது தம்பி?”

“சேர்ல உக்காந்திருக்காரே, அந்த ஐயாவைத்தான். காலு கதவுவரைக்கும் போற மாதிரி நீளமாத் தெரியுது. சிரிப்பா இருந்துச்சு. உங்க மாமாவாக்கா?”

பிரதீபா கைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். இணைப்பு எப்போது அறுந்தது என்று அவளுக்குத் தெரியாது. முதல் படத்தைத் திறந்தாள். மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதைத் திறந்தாள். அவள் தன் கையால் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்ட நாற்காலி கட்டிலருகே இருந்தது. அதில் மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டியும், வேட்டிக்கு வெளியே ஒரு முழங்காலும் தெரிந்தன. அந்த முழங்காலைக் கை ஒன்று தேய்த்துக்கொண்டிருந்தது. நிதானமாக. வட்டமாக.

மூன்றாவதைத் திறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அன்று மாலை ஜெகனிடம் சொன்னாள். அவன், “வெயில்ல கம்பி நிழல் விழுந்திருக்கும். நீ ஏன் பிரதீபா அகலமானதையெல்லாம் பாத்துக்கிட்டிருக்க? முதல் கேமராவே போதும். அம்மா படுக்கை தெரியுதுல்ல?” என்றான்.

“படுக்கைக்குப் பக்கத்துல இருக்குறது தெரியாமப் போனா இல்லைன்னு ஆயிடுமாங்க?”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?”

“அந்த வழியை அடைச்சிடலாங்க. அத்தையைக் கொண்டுபோகத்தான் மாமா வர்றாங்க. எனக்குத் தெரியுது.”

“சரி, அடைச்சுக்க” என்றான் அவன். சோர்ந்த குரலில்.

வீரையன் வந்து கம்பிக் கதவை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வர மறுத்து, களத்திலேயே நின்று பேசினார்.

“அன்னிக்கே செஞ்சிருக்கணும்மா. அப்ப அவரு வெளிய இருந்தாரு, அது தெரியும். இப்ப வரப்போக இருக்கிறவரு. நான் கடைசிக் கல்லை வைக்கிறப்ப அவரு செவுத்துக்கு எந்தப் பக்கம் நிக்கிறாருன்னு யாருக்குத் தெரியும்?”

பிரதீபா கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. அறை முழுவதையும் காட்டுகிற கேமரா அவளிடம் இருக்கிறது.

“நான் கடையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். உள்ள யாரும் இல்லைன்னா போன் பண்றேன். உடனே ஆரம்பிச்சுடுங்க.”

வீரையன் தலையை ஆட்டினார். சம்மதமா மறுப்பா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் முற்பகல் முழுவதும் நாற்காலியில் அவர் இருந்தார். மூன்றாவது படத்தில் அவரை முழுதாகப் பார்க்க அவள் தன்னைப் பழக்கிக்கொண்டாள். மழித்த தலை, திறந்த மார்பு, கதவை நோக்கி நீண்டுகொண்டே போகும் கால்கள். முகம் மட்டும் கட்டிலின் பக்கம் இருந்தது. வெளியே மூட்டை இறக்குபவர்களின் சத்தமும், நல்லக்கண்ணு யாரையோ கடிந்துகொள்வதும், பேருந்துகளின் ஒலிப்பானும் எங்கோ தொலைவில் கேட்பவைபோல அவள் காதில் விழுந்தன.

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

முதல் படம். கட்டில், அத்தை. இரண்டாவது. தரை, நாற்காலி, யாருமில்லை. மூன்றாவது. ஒரு ஓரம் முதல் மறு ஓரம்வரை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். கதவருகே இல்லை. கட்டிலடியில் இல்லை. கூடத்து வாசலில் இல்லை.

“இப்ப வைங்க. சீக்கிரம்” என்று வீரையனிடம் சொன்னாள்.

கம்பிக்கு வெளியே முதல் வரிசை செங்கல் ஏறியது. பிறகு அடுத்தது. தரையில் விழுந்திருந்த வெயில் கட்டம் கீழிருந்து கரைந்துகொண்டே வந்தது. இடுப்பளவு. மார்பளவு. கலவைக் கரண்டி செங்கல்லில் உரசும் ஓசை கேமரா வழியே துல்லியமாகக் கேட்டது. நாற்காலி காலியாகவே இருந்தது. பிரதீபாவுக்குக் கண் கலங்கியது. கடைசிக் கல்லும் உள்ளே போனபோது அறை இருண்டது. மூன்று கேமராக்களும் இருட்டில் பார்ப்பதற்காகத் தாமாகவே சாம்பல் நிறத்துக்கு மாறின.

சற்று நேரத்தில் கமலவல்லி கூடத்து வாசல்வழியே கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து, விளக்கைப் போடாமலே கட்டிலருகே குனிந்தாள். கிண்ணம் தரையில் விழுந்தது. பிரதீபாவின் கைபேசி உடனே ஒலித்தது.

“பிரதீபா... அம்மா போயிட்டாங்கடி. ஒடம்பு இன்னும் சூடா இருக்கு. கூப்பிட்டா மூச்சே இல்ல.”

முதல் படத்தில் அவ்வளவுதான் தெரிந்தது. கட்டிலில் ஓர் உடல். அதன்மேல் கவிழ்ந்து அழும் ஒரு பெண்.

மூன்றாவது படத்தின் அடியிலிருந்து ஏதோ ஒன்று எழுந்தது.

முதலில் மழித்த உச்சந்தலை. பிறகு தோள்கள். கேமரா மாட்டிய சுவரைக் கேமராவால் பார்க்க முடியாது; அது பிரதீபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அந்த மூன்று லென்ஸ்களுக்கும் நேர் கீழே, சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அத்தனை நேரமும்.

அவர் கையைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால் சாவித்திரி அம்மாள் நடந்தார்.

இருவரும் கம்பிக் கதவுக்குப் போனார்கள். அவருடைய உள்ளங்கை ஈரச் செங்கல்மேல் பதிந்தது. நின்றது. பக்கத்துக் கல்லுக்கு நகர்ந்தது. அதற்கு மேலே. அதற்கு மேலே. சாவித்திரி அம்மாளும் தம் உள்ளங்கைகளை வைத்துத் தடவினார். பார்வையற்றவர்கள் வாசல் தேடுவதுபோல, அவசரமில்லாமல், ஓர் இடம் விடாமல்.

வழி இல்லை.

அவர்கள் சுவரை விடாமல் தடவியபடியே நகர்ந்தார்கள். மூலை. பிறகு கட்டிலின் தலைமாட்டுச் சுவர். இப்போது முதல் படத்திலும் தெரிந்தார்கள். அழுதுகொண்டிருந்த கமலவல்லியின் முதுகுக்கு மேலாக நான்கு கைகள் சுவரில் ஊர்ந்து கடந்தன. அவள் நிமிரவில்லை.

“யக்கா... வெளியே வந்துடுங்க” என்றாள் பிரதீபா. குரல் எழவில்லை.

“என்னது? கேக்கலடி.”

கைகள் கூடத்து வாசலை அடைந்தன. சுவர் முடிந்தது. அவருடைய உள்ளங்கை காற்றில் துழாவியது. நின்றது. அவர் உள்ளே, வீட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். இருவரும் வாசலைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது படத்தின் ஓரத்துக்கு அப்பால்.

கூடத்தில் கேமரா இல்லை.

நல்லக்கண்ணு அருகில் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. “பெரியம்மா தவறிட்டாங்களா? அழாதம்மா. கடையை நான் பாத்துக்கறேன். ஆட்டோவைக் கூப்பிடறேன், மொதல்ல வீட்டுக்குப் போ” என்றார் கனிவாக.

கைபேசியில் கமலவல்லியின் அழுகை சட்டென்று அடங்கியது.

“பிரதீபா.”

“சொல்லுங்கக்கா.”

“கூடத்துல யாரோ செவுத்தைத் தடவுறாங்கடி.”

சரக். சரக். தெளிவாகக் கேட்டது. வாசற்பக்கமாகப் போனது. நின்றது. பிறகு திரும்பியது. அருகில். இன்னும் அருகில்.

மூன்று படங்களிலும் கமலவல்லி எழுந்து நின்றாள். கூடத்து வாசலிலிருந்து கண்ணெடுக்காமல் ஓரடி பின்னால் வைத்தாள். இன்னோர் அடி. முதல் படத்திலிருந்து விலகினாள். இரண்டாவதிலிருந்து விலகினாள். மூன்றாவதில் மட்டும், இடது ஓரத்தில், நீளமாக இழுபட்டு நின்றாள். முதுகு கம்பியில் பட்டது. கையைப் பின்னால் விட்டு வழி தேடினாள். விரல்கள் ஈரக் கலவையில் புதைந்தன.

வலது ஓரத்தில், வாசல் நிலையைப் பிடித்தபடி, இரண்டு உள்ளங்கைகள் உள்ளே வந்தன.