இருட்டு விளக்குக் குணாளன்

குணாளனின் கார்க் கூரையில் இருந்த நன்றிவிளக்கு ஆறு வருஷமாக ஒருநாள்கூட எரிந்ததில்லை. மாம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் முன்னால் போன வண்டிகளின் தலையிலெல்லாம் பொன்னிறமாக வெளிச்சம் வழிய, இவருடையது மட்டும் கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்காவது வாயை அடக்கிட்டு ஓட்டுங்க" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி பவளக்கொடி. "சாலைப் பண்பு ஆணையத்துலேர்ந்து கடைசி நோட்டீஸ் வந்தாச்சு. இந்த மாசமும் விளக்கு எரியலைன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"நான் என்ன வழி விடாமலா இருக்கேன்? நேத்து அந்த வெள்ளைக் காருக்கு விட்டேனே!"

"விட்டீங்க. 'போய்த் தொலைடா'ன்னு கத்திக்கிட்டே விட்டீங்க. அவன் எப்படிங்க நன்றி சொல்லுவான்?"

அதுதான் விஷயம். ஒவ்வொரு வண்டியிலும் பொருத்தியிருக்கும் நன்றிமானியை ஏமாற்ற முடியாது. ஒருவர் வழி விட்டால், வழி பெற்றவர் தன் வண்டிக்குள் உட்கார்ந்தபடி வாய் திறந்து நன்றி சொல்ல வேண்டும். குரலின் நடுக்கத்தை வைத்து அது மனசிலிருந்து வந்ததா, உதட்டிலிருந்து வந்ததா என்று கருவி கண்டுபிடித்துவிடும். நிஜ நன்றி என்றால் வழி விட்டவரின் கூரைவிளக்கில் ஒரு துளி வெளிச்சம் கூடும். வெளிச்சம் கூடக் கூட, அந்த வண்டி நெருங்கும்போதே சிக்னல்கள் பச்சைக்கு மாறும். விளக்கு இருண்டவன் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, சென்னையையே புரட்டிப்போட்ட கருவி அது. முன்பெல்லாம் பெருங்களத்தூரில் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கிளம்பியவர் கிண்டிக்குள் நுழைவதற்குள் மறுபடி பசித்துவிடும். எதிர்ப்புறமாக வருகிறவன், நடைபாதையில் ஏறுகிறவன், ஆம்புலன்ஸ் வாலைப் பிடித்துக்கொண்டே ஊரைக் கடக்கிறவன் என்று எத்தனை ரகம்! இப்போது அதே தூரம் நாற்பது நிமிஷம். சாயங்காலம் பிள்ளைகள் தூங்குவதற்கு முன்பே அப்பா அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கருவியைக் கண்டுபிடித்த பொறியாளர் அம்மாளின் பெயர் பலருக்கு மறந்துபோனாலும், அவர் நன்றாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத வீடு இல்லை.

குணாளன் முப்பது வருஷம், கண்டாலே ஊர் ஒதுங்கும் தண்ணீர் லாரி ஓட்டியவர். சென்னைவாசிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனாலும் அன்று அவர் வாயை இறுக மூடிக்கொண்டுதான் ஓட்டினார். காரணம் பவளத்தின் கால்கள். இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் அடையாறில் டயாலிசிஸ். எட்டு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும்; எட்டரையைத் தாண்டினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். போன சனிக்கிழமை அப்படித்தான் போய்விட்டது. "இன்னொரு தடவை விட்டீங்கன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆறே முக்காலுக்கு ஏரிக்கரைச் சந்திப்பை அடைந்தார்கள். அங்கேதான் சனிக்கிழமையும் மாட்டினார்கள். இவ்வளவு நல்லவர்களுக்கு சிக்னல் எதற்கு என்று ஆணையம் இரண்டு மாதம் முன்பு பெருமிதத்தோடு அந்தச் சந்திப்பின் விளக்குகளைக் கழற்றிவிட்டிருந்தது.

நான்கு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு காக்கை நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

"நீங்க போங்க சார்" என்றது கிழக்கிலிருந்து ஒரு குரல்.

"ஐயையோ, நீங்க முதல்ல!" என்றது மேற்கு.

ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்த ஒரு பெண்மணி உள்ளங்கையை விரித்துக் கல்யாணப் பந்தியில் உட்காரச் சொல்வது போல எல்லோரையும் அழைத்தார். யாரும் நகரவில்லை. ஏன் நகர வேண்டும்? வழி விட்டால் வெளிச்சம். போனால் நன்றிதான் சொல்ல வேண்டும். நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஊரில் அதைக் கொடுக்க யாருக்கு அவசரம்? ஒருவர் அரை அடி நகர்ந்துவிட்டு, வெட்கப்பட்டு, ரிவர்ஸ் எடுத்தார்.

ஏழு மணி. ஏழு இருபது. ஏழரை.

பவளம் கண்ணாடியை இறக்கினாள். "மூச்சு கொஞ்சம் இழுக்குதுங்க" என்றாள், ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்.

குணாளன் எட்டிப் பார்த்தார். அவருக்கு முன்னால் ஒரே ஒரு கார். இடது பக்கம் கொஞ்சம் சந்து.

"பவளம், நான் பூந்துரப் போறேன்."

"லைசென்ஸு..."

"மண்ணாப் போகட்டும்! நீ இல்லாம லைசென்ஸை வெச்சு நான் என்ன பண்ண?"

ஆறு வருஷமாக அந்தச் சந்திப்பு கேட்காத ஹாரன் சத்தம் கேட்டது. காக்கை பறந்தது. குணாளன் முன்னால் நின்ற காரை உரசாத குறையாக ஒதுக்கி, தலையை வெளியே நீட்டி, தண்ணீர் லாரிக் காலத்துக் குரலை எடுத்தார். "யோவ், யாரும் போகலைன்னா நவுருங்கய்யா! சாவுற நேரத்துல என்னய்யா மரியாதை வேண்டிக்கிடக்கு?"

சந்திப்பு வாய் பிளந்தது. அவர் நடுவில் புகுந்து நேரே போனார். போனதுதான் தாமதம், பின்னால் இருந்தவர்கள் இதுதான் சாக்கு என்று அவர் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வரிசை அவிழ்ந்ததும் மற்ற மூன்றும் தானாக அவிழ்ந்தன. ஐம்பது நிமிஷமாக மூத்திரத்தை அடக்கியவர்கள், பரீட்சைக்குப் பிந்தியவர்கள், சும்மா அலுத்துப்போனவர்கள் எல்லோரும் ஒரே குரலில், அடிமனசிலிருந்து, "அப்பா சாமி, நீ நல்லா இருக்கணும்!" என்றார்கள்.

"ஏங்க, நம்ம காருக்குள்ள ஏன் இவ்வளவு வெளிச்சம்?" என்றாள் பவளம்.

கூரைவிளக்கு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. வேளச்சேரி தொடங்கி அடையாறு வரை ஒரு சிக்னல்கூட அவர்களை நிறுத்தவில்லை. எட்டு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது பவளம் படுக்கையில் இருந்தாள். கையில் ஊசி ஏறிய பிறகுதான் குணாளன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழுதுவிட்டார்.

"இருபத்தேழு வருஷமா உங்க டிரைவிங்கைத் திட்டித் தீர்த்திருக்கேன்" என்றாள் அவள். "இன்னிக்கு அதாலதான் பொழைச்சேன். ரொம்ப நன்றிங்க."

"போடி" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் ஆணையத்திலிருந்து செய்தி வந்தது. லைசென்ஸுக்கு ஆபத்தில்லை என்பதோடு, ஒரே காலையில் முன்னூற்றுச் சொச்சம் உளமார்ந்த நன்றிகளைப் பெற்ற அவரே நகரத்தின் இம்மாதப் பண்பாளர் என்றும் அறிவித்திருந்தார்கள். அவர் படத்தோடு எப்படிப் பெற்றார் என்பதையும் விளக்கமாகப் போட்டுத் தொலைத்திருந்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை.

வியாழக்கிழமை காலை ஏரிக்கரைச் சந்திப்பை எட்டியபோது, அரை கிலோமீட்டருக்கு முன்பே ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஒவ்வொருவராக வழி விட்டு ஒவ்வொரு துளியாக வெளிச்சம் சேர்ப்பானேன்? முதலில் புகுந்தால் ஒரே அடியில் முன்னூறு கிடைக்குமே! நான்கு பக்கமும் முதல் ஆளாகப் புகுந்து, எல்லோரையும் காப்பாற்ற வந்தவர்கள் நடுவில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நான்தான் முதல்ல பூந்தேன், எனக்கு நன்றி சொல்லுங்க!" என்று டையும் சட்டையுமாக ஒருவர் அலறினார்.

"யோவ், உனக்கு எதுக்குய்யா சொல்லணும்? வழிய மறிச்சதே நீதான்!"

குணாளனின் விளக்கு ஊரிலேயே அதிகமாக எரிந்துகொண்டிருந்தது. இருந்து என்ன? போக ஒரு முழம் இடம் இல்லை. மணி ஏழு பத்து. பவளத்தின் முகத்தைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தாள், ஆனால் இன்று விட்டால் சனிக்கிழமைக்குள் என்ன ஆகுமோ என்று நினைக்கவே பயமாக இருந்தது. இன்னொரு தடவை முட்டிப் புகுவதிலும் அர்த்தமில்லை. இங்கே புகாதவன் யார்?

"நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு" என்றார்.

"நானா?"

"இருபது வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினவதானே? நான் வழி எடுத்துக் கொடுக்கறேன், நீ போய்க்கிட்டே இரு. ஊசி எடுக்கறதுக்குள்ள நான் பஸ் பிடிச்சு வந்துடறேன்."

இறங்கி நடந்தார். டைக்காரரின் காரைத் தட்டிப் பின்னுக்குத் தள்ளவைத்தார். ஒரு மினிபஸ்ஸை ஓரங்கட்டினார். மேற்கைக் கையால் நிறுத்தி, கிழக்கை விரலால் அழைத்தார். திட்டினார், கெஞ்சினார், ஒரு ஆட்டோக்காரரைக் கையெடுத்தே கும்பிட்டார். பத்து நிமிஷத்தில் ஒரு கார் போகிற அளவுக்கு வழி பிறந்தது. பவளம் அலுங்காமல் குலுங்காமல் அதில் நுழைந்து, அவரைத் தாண்டும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். எரியும் விளக்கும் அவளோடு போனது.

குணாளன் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நான்கு அடி வைத்தார். பின்னால் மறுபடி ஹாரன் கிளம்பியது. திரும்பிப் பார்த்தார். நான்கு பக்கமும் அவரையே பார்த்தார்கள். தலையில் அடித்துக்கொண்டு திரும்ப நடுவுக்கு வந்து கையை நீட்டினார்.

வரிசை வரிசையாக வண்டிகள் கடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் யாரோ நன்றி என்றார்கள். ஒவ்வொரு கருவியும் சுற்றுமுற்றும் தேடிவிட்டு ஒரே பதிலைச் சொன்னது: "நன்றி பெறுபவரின் வாகனம் காணப்படவில்லை." மினிபஸ் ஓட்டுநர் அந்தப் பெட்டியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவரும், அதற்கடுத்தவரும் கண்ணாடியை இறக்கினார்கள்.

எட்டு மணி சுமாருக்கு அவருடைய போன் அடித்தது. ஒரு கையால் தெற்கை நிறுத்திக்கொண்டே மறு கையால் எடுத்தார்.

"படுத்துட்டேங்க. ஊசி போட்டாச்சு" என்றாள் பவளம். "அங்க என்ன, ஒரே கூச்சலா இருக்கு? யார்கிட்டயாவது சண்டை போடுறீங்களா?"

"இல்ல பவளம்" என்றார். "எனக்குத்தான் நன்றி சொல்றானுங்க. வாயால."