யாரும் கூப்பிடாத துண்டு

மோட்டார் கொட்டகையில் அப்போது இருந்தவர்கள்: நிலத்துக்காரர் துரைக்கண்ணு, அவர் மகள் வானதி, வானதியின் கணவன் சூர்யபிரகாஷ். வேறு யாருமில்லை. ஆணியில் தொங்கிய போன் மட்டும், "உள்ளே நான்கு பேர்" என்றது.

"மாப்ள, எண்ணத் தெரியாதது உங்க போனுக்கா, எனக்கா?" என்றார் துரைக்கண்ணு.

சூர்யபிரகாஷுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த போனில் போட்ட ஆப்போடு இரண்டு நாளாக மல்லுக்கட்டி அவனுக்குக் கண் எரிந்தது.

மும்முனைக் கரண்டு இந்தப் பக்கம் எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும். போன குறுவைச் சாகுபடியில் துரைக்கண்ணு மோட்டார் குழிக்குள் குனிந்திருந்தபோது கரண்டு வந்தது. மோட்டார் அவருடைய இரண்டு விரல்களைத் தின்றது. அதற்காகத்தான் சூர்யபிரகாஷ் இந்த ஆப்பை எழுதினான். கொட்டகையில் தொங்கும் பழைய போன் மூச்சுச் சத்தத்தைக் கேட்கும். ஆள் இருந்தால் ஸ்டார்ட்டரை ஓட விடாது.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றான். மூவரும் வரப்பில் வந்து நின்றார்கள். வெயில் இறங்க, பாய்போல் வளர்த்த நாற்றங்காலின் மஞ்சள் நுனிகள் மீது காற்று காகிதம் உரசுவதுபோல் ஓடியது. ஆற்றுத் தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வரவில்லை.

"உள்ளே ஒருவர்" என்றது போன்.

"இன்னிக்குத் தண்ணி பாயலன்னா நாத்து சருகு, மாப்ள. குறுவையே போச்சு. போனைக் கழட்டிடுங்க."

"கழட்டக் கூடாதுப்பா" என்றாள் வானதி. "மிச்சம் எட்டு விரல்தான் இருக்கு."

சூர்யபிரகாஷ் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்தான். மூச்சை அடையாளம் காணும் லைப்ரரி அவன் எழுதியதல்ல. கூடப் படித்த ஜாஃபர் சாதிக் துபாயிலிருந்து அனுப்பியது. நூற்றுக்கணக்கான நிரல் துண்டுகளைக் கட்டிய ஒரே மூட்டை. ஆப்பையும் அந்த மூட்டையையும் ஒன்றாகச் சேர்ப்பதற்குள் உயிர் போயிற்று. நீ கூப்பிடும் பெயர் எங்கும் இல்லை என்று திரையில் பிழை சிவப்பில் எகிறியது. வரிசையை மாற்றினான். எகிறியது. இந்த போனின் சிப்புக்கு இது பொருந்தாது என்றது. அதையும் சரிசெய்தான். மறுபடி எகிறியது. கடைசியில் ஆத்திரத்தில், ஜாஃபர் செய்யாதே என்று சொன்னதையே செய்தான்.

இப்போது அவனையே போனில் கூப்பிட்டான்.

"மொத்த மூட்டையையும் உள்ள இழுத்துட்டியா?" என்றான் ஜாஃபர். "மண்டையில களிமண்ணாடா உனக்கு? நாம பேரைச் சொல்லிக் கூப்பிடுற துண்டை மட்டுந்தான் அது எடுக்கணும். கூப்பிடாததெல்லாம் அப்படியே கிடக்கணும் மச்சான்."

"கூப்பிடாததுல என்ன இருக்கு?"

"தெரியாது. எங்க கம்பெனியில யாரு எழுதுனதுன்னே தெரியாது."

மூட்டையைப் பிரித்துப் பார்த்தான். எல்லாத் துண்டுக்கும் பெயர் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. அதுதான் மற்ற எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சனியனே என்று அதை அழித்தான். ஆப்பை மறுபடி கட்டினான். ஒரு பிழைகூட இல்லை. இரண்டு நாளில் முதல் தடவையாகத் திரை சுத்தமாக இருந்தது.

இருட்டத் தொடங்கியிருந்தது. புது ஆப்பை ஏற்றிய போனைத் திரும்ப மாட்ட அவன் மட்டும் உள்ளே போனான். கிரீஸ் வாடை, பாசி வாடை, அதற்கும் அடியில் நனைந்த துணியைப் பல நாள் மூடிவைத்தாற்போல் ஒரு புழுக்கம். குழியின் விளிம்பில் காலை ஊன்றி எட்டி, ஆணியில் மாட்டினான். உள்ளே ஒருவர் என்று இப்போது அது சொல்ல வேண்டும். அது அவனாக இருக்க வேண்டும்.

"உள்ளே யாரும் இல்லை" என்றது போன்.

மூச்சை இழுத்து அதன் முகத்திலேயே ஊதினான்.

"உள்ளே யாரும் இல்லை."

எரிச்சலில் திட்ட வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தொண்டை அசைந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. கொட்டகையில் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவனுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

திரும்பினான். கதவை நோக்கி ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. அவன் சட்டை. அவனுடைய சாய்ந்த நடை. ஈரக் கால்கள், ஒவ்வொரு அடிக்கும் சிமெண்டுத் தரையில் ஒட்டி விடுபடும் சத்தம்.

"என்ன மாப்ள, சரியாயிடுச்சா?" வெளியே துரைக்கண்ணு.

"ஆயிடுச்சு மாமா." சூர்யபிரகாஷின் குரல். அவன் குரலேதான். "உள்ள யாருமில்ல. கரண்டு வர்ற நேரம், பூட்டிடுங்க."

ஓடப் பார்த்தான். கால் நகரவில்லை. வழுக்கிக் குழிக்குள் விழுந்தான். மோட்டாரின் குளிர்ந்த இரும்பு கன்னத்தில் அறைந்தது.

"ஏங்க, கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றாள், வாசலில் அதன் கையைப் பிடித்த வானதி.

அவள் பெயரைக் கத்தினான். மறுபடி கத்தினான். இரும்பில் குத்தினான். எதுவும் கேட்கவில்லை.

மேலே போனில் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டர் தயார்.

கதவிடுக்கில் ஒரு நொடி அந்த முகம் திரும்பியது. அவன் முகம். அது நிதானமாக மூச்சு விட்டது.

மேலே ஒயர்கள் ரீங்கரிக்கத் தொடங்கின.

அது வெளியே போனது. தகரக் கதவு அதன் பின்னால் சாத்திக்கொண்டது. துரைக்கண்ணு பூட்டைப் போட்டு, பூட்டியதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.