மூன்றாவது காது

பிணம் இன்னும் மணத்துக்கொண்டிருந்தது!

வயதான சந்தன மரம். கிளைகளும் சிராய்களும் கிடந்தன. நடுவுடலை மட்டும் காணோம்!

வனத்துறை ரேஞ்சர் அருணகிரி தொப்பியைக் கழற்றினார். துக்கத்தினால் அல்ல... வழுக்கை வியர்த்ததால்!

ஜமுனாமரத்தூர் வயர்லெஸ் அறைக்குள் புயலாக நுழைந்தார்.

ஆபரேட்டர் அப்துல் கய்யூம் தொழுகை முடித்து விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். வாணியம்பாடிக்காரர். ஊரில் யார் ரேடியோ கெட்டாலும் காசு வாங்காமல் சரிசெய்து தருகிற மனிதர்.

"பாய்! லாரிய புடிக்கச் சொல்லி அமிர்தி செக்போஸ்ட்டுக்குப் பேசறோம். பேசின ஒடனே லாரி பாதியில திரும்பிடுது! எப்பிடி?"

"அதாங்கய்யா எனக்கும் புரியல..."

"செக்போஸ்ட்டுல பேசறது தீர்த்தகிரி. அவன் என் மச்சான்."

"அப்போ மிச்சம் நானுங்களா?"

"இன்னிக்கும் லாரி தப்பிச்சுதுன்னா, மேலிடத்துக்கு உங்க பேரத்தான் சொல்லப்போறேன். வேல போயிடும்!"

கய்யூம் விரிப்பை ஓரமாக வைத்தார்.

"ஐயா... மூணாவது காது ஒண்ணு இருக்குது. ஷார்ட்வேவ் ரேடியோவுல முள்ளத் திருப்பினா நம்ம பேச்சு யாருக்கும் கேக்கும்."

"அதுக்குத்தானே ரகசிய வார்த்த வெச்சோம்! லாரிக்கு 'மாப்ள'ன்னு!"

"மாப்ளைய நிறுத்தி மூட்டையப் பிரிச்சுப் பாருன்னு சொன்னீங்க. யாருங்கய்யா நம்புவாங்க?"

அருணகிரி அசடு வழிந்தார்.

"இப்போ இன்னா பண்றது?"

"நம்ம செட்டோட பலத்தக் கொறைப்போம். ஏரியல் கம்பிக்குப் பக்கவாட்டுலதான் அலை நல்லாப் போவும். நுனிப்பக்கம் நோஞ்சான். பக்கவாட்ட அமிர்திக்குத் திருப்பிட்டு, நுனிய ஊருக்குக் காட்டிடலாம். ஒட்டுக் கேக்கறவன் இங்கதான் எங்கியோ இருக்கணும்."

கய்யூம் ஏரியல் கம்பத்தில் ஏறினார். கம்பியைத் திருப்பிக் கட்டினார்.

"யா அல்லா!"

கால் வழுக்கிவிட்டது! பாய்ந்து வந்து தாங்கியது ரேஞ்சரின் கை. சந்தேகப்பட்ட கைதான்... ஆனாலும் தாங்கியதே!

மதியம், லாரியைப் பிடிக்கச் சொல்லிச் செய்தி போனது.

"கேக்குது... மெதுவா, ஆனா தெளிவா. ஓவர்!" என்றான் தீர்த்தகிரி.

காத்திருந்தார்கள்.

தட்... தட்... தட்!

கதவைத் திறந்தால் புளி வியாபாரி ராஜாக்கண்ணு! தோளில் ரேடியோ. முகமெல்லாம் வியர்வை.

"பாய்! போன மாசம் நீங்க ரெடி பண்ணிக் குடுத்த பொட்டி... மறுபடி மக்கர் பண்ணுது! ரொம்ப அவசரம்!"

"குந்துப்பா. மொதல்ல டீ குடி."

கய்யூம் முள் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் திருப்பினார். பாட்டு கணீரென்று வந்தது.

"பாட்டு வருதே?"

"வருது பாய்."

"நியூஸ்?"

"அதுவும் வருது..."

"அப்போ இன்னாதான் வரல?"

ராஜாக்கண்ணு சட்டென்று ரேடியோவை எடுக்கக் கை நீட்டினான்!

"ஐயா, இந்த முள் நின்ன எடம்... நாம தெனமும் பேசற எடம்!"

அதே நொடி வயர்லெஸ் கரகரத்தது.

"லாரி மாட்டிக்கிச்சு! புளி மூட்டைக்கு அடியில சந்தனக் கட்டை! ஓவர்!"

ராஜாக்கண்ணுவின் டீ டம்ளர் உருண்டது.

அருணகிரி தலைகுனிந்தார். "மன்னிச்சுடுங்க பாய்..."

"விடுங்கய்யா. வுழுந்தவன தாங்கினீங்களே, அது போதும்."

கய்யூம் இன்னொரு டம்ளரில் டீ ஊற்றி ராஜாக்கண்ணுவிடம் நீட்டினார். காசு வாங்காத கைக்குக் கடவுள் கள்வனையே அனுப்பிவைத்திருந்தார்!

"எ... என் ரேடியோ பாய்?"

"அது நல்லாத்தான் இருக்குது ராஜாக்கண்ணு. வெச்சிருந்த ஆளத்தான் ரிப்பேருக்கு அனுப்பணும்!"