ஆயிரத்து ஒன்பது பேர்

சுதந்திர தின அணிவகுப்புக்காக குலு நகரின் மூன்று பள்ளிகள் சேர்ந்து பயிற்சி செய்தன. மொத்தம் ஆயிரத்து ஒன்பது பிள்ளைகள்.

ஒலாரா சார் விசிலை ஊதினார். "வரிசைக்கு ஏழு பேர்!"

கடைசியில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். பக்கத்து நாடான தெற்கு சூடானிலிருந்து புதிதாக வந்திருந்த அஜாக்.

"சரி, எட்டு பேர்!"

மறுபடியும் அஜாக்தான் மிஞ்சினாள். ஒன்பது பேராக நின்றபோதும் அவளேதான்.

"என்ன எண்ணுடா இது! எதுலயும் வகுபட மாட்டேங்குது."

"ஆயிரத்து ஒன்பது பகா எண், சார்" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

"அது எனக்கும் தெரியும். நீ நேரா நில்லு!" சார் அஜாக்கைப் பார்த்தார். "நீ தண்ணிக் குடத்தைப் பாத்துக்கோம்மா. அடுத்த வருஷம் நடக்கலாம்."

"சரி சார். சேத்துக்கிட்டதே பெரிசு" என்றாள் அஜாக். அணிவகுப்பில் கட்டிக்கொள்ளத் தைத்து வைத்திருந்த இடுப்புத் துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

அவளோடு படிக்கும் லன்யேரோவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. காயப்போட்ட வேர்க்கடலை பாயைத் தாண்டிச் சிதறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எல்லாத்தையும் ஒரே பாயில ஏண்டி திணிக்கிறே? அந்தச் சின்னப் பாயையும் விரி" என்றாள் அம்மா.

லன்யேரோ அப்படியே நின்றாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து விரலால் கணக்குப் போட்டாள்.

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று ஒரு பெரிய சதுரம். மீதி நாற்பத்தெட்டு. அது சதுரமாகாது. முப்பதிலும் வரவில்லை, இருபத்தொன்பதிலும் வரவில்லை. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு என்றால் எழுநூற்று எண்பத்து நான்கு. மீதி இருநூற்று இருபத்தைந்து.

"பதினஞ்சுக்குப் பதினஞ்சு!" என்று கத்தினாள். கோழிகள் சிதறி ஓடின.

மறுநாள் சாரிடம் ஓடினாள். "ஒரு சதுரம் வேணாம் சார். பெரிசு ஒண்ணு, பக்கத்துல சின்னது ஒண்ணு. யாரும் மிஞ்ச மாட்டாங்க."

சார் உள்ளங்கையில் எழுதிக் கணக்குப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

"இதை எங்க புடிச்சே?"

"வேர்க்கடலையில, சார்."

"அப்போ ஒருத்தர் வராம போனா?"

"சதுரத்துல ஓட்டை விழும் சார்."

சார் தண்ணிக் குடத்தின் பக்கம் திரும்பினார். "அஜாக், வாம்மா! நேத்து அவசரப்பட்டுட்டேன். நீ இல்லாம நடக்காதாம்."

அஜாக் இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

சுதந்திர தினத்தன்று முரசு முழங்க, மைதானத்தில் இரண்டு சதுரங்களும் அசைந்து நடந்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

முடிந்ததும் அஜாக்கின் அம்மா மூச்சு வாங்க வந்தாள். "எங்கடி நின்னே? கண்ணு வலிக்கத் தேடினேன். எல்லாரும் ஒண்ணு போலவே இருந்தீங்க, நீ தனியா தெரியவே இல்ல!"

அஜாக் வாய்விட்டுச் சிரித்தாள். லன்யேரோவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, புதிதாகக் கற்ற அந்த ஊர் மொழியிலேயே நன்றி சொன்னாள்.

"அப்வோயோ, லன்யேரோ. அப்வோயோ."